வலது துளையில் மட்டும் சாவி

அப்பா காலமான மறுவாரம், சட்டமிட்டு வைப்பதற்கு அவருடைய படம் ஒன்று தேவைப்பட்டது. பதினோரு ஆண்டுகளாக என் கைப்பேசிகளிலும் கணினியிலும் சேர்ந்து கிடந்த படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். அவர் இடம்பெற்ற படங்கள் மட்டும் 400க்கு மேல் இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவர் நிமிர்ந்து நின்றார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். யாரோ சொன்னதற்காகச் சிரித்தார். இரண்டு இரவுகள் விழித்துப் பார்த்து முடித்தபோது, அவரை அறியாத ஒருவருக்கு இந்தப் படங்கள் அவருடைய உயரத்தையும் உடற்கட்டையும் தவிர வேறு எதையும் சொல்லப்போவதில்லை என்பது உறைத்தது.

அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை. எதையாவது படிக்க வேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, தாளை மூக்கு நுனி வரை கொண்டுவந்து, கண்ணை நகர்த்துவதற்குப் பதிலாக முகத்தையே வரிக்கு வரி நகர்த்திப் படிப்பார். அவர் என்று நினைத்தால் எங்கள் எல்லோருக்கும் முதலில் மனத்தில் வருவது அந்த நெற்றிக் கண்ணாடிதான். அந்த 400 படங்களில் ஒன்றில்கூட அது இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் “கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள் அப்பா” என்று சொன்னவன் நான்தான். அவரை அவராகக் காட்டிய ஒன்றை, படம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில், பதினோரு ஆண்டுகள் நானே திருத்தித் திருத்தி அகற்றியிருக்கிறேன்.

கடைசியில் கிடைத்தது, நான் அவரை எடுக்காத ஒரு படத்தில். அக்கா மகன் முதன்முதலாகத் துணையின்றி எழுந்து நின்ற நாளில் எடுத்தது அது. குழந்தையின் மீது ஃபோக்கஸ். அவன் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறான். அவனுக்குப் பின்னால், படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டும் தெளிவின்றியும் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி நெற்றியில். செய்தித்தாள் மூக்கருகில். ஆனால் முகம் தாளைப் பார்க்கவில்லை. தாளின் விளிம்புக்கு மேலாக, கண்ணாடி இல்லாமல் தனக்குச் சரியாகத் தெரியவே தெரியாத பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கினால் புள்ளிகள் உதிர்ந்து போகும் அளவுக்கு மோசமான படம். அதைத்தான் சட்டமிட்டோம்.

தனிப்பட்ட புகைப்படங்கள் எப்படிக் கதை சொல்கின்றன என்று நான் தீவிரமாக யோசிக்கத் தொடங்கியது அந்த இடது ஓரத்திலிருந்துதான். நம் வீடுகளில் படங்களுக்குப் பஞ்சமில்லை; நிகழ்ச்சிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நாம் எடுப்பவை பெரும்பாலும் வருகைப் பதிவேடுகள். யார் யார் வந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதை அவை சொல்லும். ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பது, யாரும் கூப்பிட்டு நிறுத்தாத நேரங்களில், திரும்பத் திரும்ப நடந்து, பழகிப்போனதால் நம் கண்ணுக்கே தெரியாமல் போன செயல்களில் இருக்கிறது. அவற்றை வேண்டுமென்றே எடுக்காவிட்டால் அவை எடுக்கப்படாமலே போகும், அல்லது வேறு எதையோ எடுக்கும்போது தற்செயலாக ஓரத்தில் வந்து விழும்.

புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே இந்தத் தற்செயல் நடந்திருக்கிறது. 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டகேர் பாரிஸ் நகரத்தின் அகன்ற சாலை ஒன்றை உயரமான ஜன்னலிலிருந்து படமெடுத்தார். அன்றைய தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஒளி பட வேண்டும். ஆகவே அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் ஒருவர்கூடப் பதியாமல் கரைந்துபோக, தெருவே வெறிச்சோடிக் கிடப்பதுபோல் படம் அமைந்தது. ஒரே ஒருவர் மட்டும் தெளிவாக நின்றார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஓரிடத்தில் காலைத் தூக்கி வைத்து அசையாமல் இருந்த மனிதர் அவர். புகைப்படத்தில் பதிவான முதல் மனிதர் என்று இன்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். அவர் யாரென்று தெரியாது. தன்னை யாரோ படமெடுக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது. கேமராவுக்காக அவர் எதுவும் செய்யவில்லை என்பதால்தான், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு தூக்கிய கால் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது.

இறந்துபோன தாயின் உண்மையான முகத்தைப் பழைய படங்களில் தேடிய இன்னொருவர் பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த். 1977இல் தாயை இழந்த அவர், 1980இல் வெளிவந்த தம் கடைசி நூலில், படம் படமாகப் புரட்டி எதிலும் அவரைக் காணாமல், முடிவில் 1898இல் ஒரு கண்ணாடிக் கூடத்தில் எடுக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுமியின் படத்தில் தன் தாயைக் கண்டடைந்ததை எழுதுகிறார். தான் பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட படம்; தான் ஒருநாளும் பார்த்திராத வயது. அந்த நூலில் வேறு பல படங்களை அச்சிட்ட அவர் அந்த ஒன்றை மட்டும் அச்சிடவில்லை. அது தனக்கு மட்டுமே இருக்கும் படம் என்றும், பிறருக்கு அது பத்தோடு பதினொன்றாகவே இருக்கும் என்றும் காரணம் சொன்னார். அப்பாவின் மங்கலான படத்தைச் சட்டத்தில் பார்த்த உறவினர் ஒருவர், “வேறு நல்ல படமே கிடைக்கவில்லையா?” என்று என்னைக் கேட்டபோது பார்த் எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குள் இருக்கும் கதை அந்தத் தாளில் இல்லை. அதைத் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் அன்றிலிருந்து என் கவலை.

ஆகவே அம்மாவை வேறு விதமாக எடுப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் ஊசல் வைத்த பழைய சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். முகப்பில் இரண்டு துளைகள்: வலது துளையில் சாவியைத் திருகினால் கடிகாரம் ஓடும், இடது துளையில் திருகினால் மணி அடிக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் முக்காலியைப் போட்டு ஏறி, இரண்டு துளைகளிலும் சாவி கொடுப்பது அப்பாவின் வேலை. அவர் மருத்துவமனையில் இருந்தபோது அது நின்றுபோயிற்று. ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, யாரிடமும் எதுவும் சொல்லாமல் அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அதுவரை அந்தக் கடிகாரத்தை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. நான் கைப்பேசியை எடுத்தேன். பிறகு ஓர் ஆண்டு முழுவதும், நான் வீட்டில் இருந்த எல்லா ஞாயிறும் அதை எடுத்தேன்.

முதல் சில வாரப் படங்கள் பயன்படவில்லை. அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்தார், புடவையைச் சரிசெய்துகொண்டார், “எத்தனை தடவைதான் எடுப்பாய்?” என்று கேட்டார். இதற்கு ஒரே மருந்து, எடுப்பவர் அங்கேயே கிடப்பதுதான். 1948 செப்டம்பர் 20ஆம் தேதியிட்ட லைஃப் என்ற அமெரிக்க இதழில், கொலராடோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தனியாளாக மருத்துவம் பார்த்த எர்னெஸ்ட் செரியானியைப் பற்றிப் புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித் எடுத்த படக்கட்டுரை வெளிவந்தது. அதற்காக அவர் அந்த மருத்துவரோடு 23 நாட்கள் சுற்றினார். தன் இருப்பு அவருக்குப் பழகுவதற்காக முதலில் ஃபிலிம் போடாத கேமராவோடு படமெடுப்பது போலவே நடந்துகொண்டார். நானும் இரண்டு ஞாயிறு எடுக்காமல் சும்மா நின்றேன். ஐந்தாம் வாரம் வந்தபோது அம்மாவுக்கு நான் அந்த அறையின் அலமாரியைப் போல ஆகிவிட்டேன்.

ஸ்மித்தின் படக்கட்டுரையிலிருந்து இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். அதில் மருத்துவரின் முகம் மட்டும் இல்லை. மேகம் கவிந்த வானத்தின் கீழ்ப் பையைத் தூக்கிக்கொண்டு வயல்வெளியில் அவர் நடந்து வருகிறார். காயம்பட்ட குழந்தையின் மேல் குனிகிறார். நள்ளிரவு தாண்டிய அறுவை சிகிச்சை முடிந்தபின் சமையலறையில் சோர்ந்து சாய்ந்து நிற்கிறார். தூரத்திலிருந்து ஒன்று, நடுத் தூரத்திலிருந்து ஒன்று, மிக அருகிலிருந்து ஒன்று என்று தூரம் மாறிக்கொண்டே இருப்பதால், பார்ப்பவர் அந்த இடத்துக்குள் நுழைந்து, நடந்து, ஒரு பொருளின் முன் குனிந்து பார்த்த உணர்வைப் பெறுகிறார். நாம் வீட்டில் எடுக்கும் படங்களைப் பாருங்கள்: அத்தனையும் ஒரே தூரத்தில், நின்ற நிலையில், நம் கண் உயரத்தில் இருக்கும். பத்துப் படம் பார்த்தாலும் ஒரு படத்தைப் பத்து முறை பார்த்தது போலத்தான்.

கருவியைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கைப்பேசியே போதும். ஒரு செய்தியை மட்டும் சொல்லவேண்டும்: கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது; முகத்தருகே கொண்டுபோனால் மூக்கைப் பெரிதாக்கி, காதுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஜூமை இரண்டு மடங்கில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினால் முகம் முகமாக இருக்கும். ஃபிளாஷை நான் அறவே விட்டுவிட்டேன். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒருவர் நிற்கும்போது முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி நிழலிலும் இருக்கும். ஃபிளாஷ் அடித்தால் அந்த நிழலோடு காலை நேரமும் போய்விடும்.

சாவி கொடுக்கும் செயல் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் எத்தனை இருந்தன என்பதை எடுக்க எடுக்கத்தான் கண்டேன். முதல் வாரங்களில் அம்மா சாவியை இரண்டு கைகளாலும் பிடித்தார். அது வழுக்கிவிடுமோ என்ற அச்சம் விரல் முட்டிகளில் வெளுப்பாகத் தெரிந்தது. பிறகு ஒரு கை போதுமானது; மற்றக் கை கடிகாரப் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. ஒன்பதாம் வாரம் திருகு எண்ணிக்கையை அவர் உதடு அசைய எண்ணினார். பதினோராம் வாரம் உறவினர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அதிகம் தங்கிவிட்டதால் கடிகாரம் நின்றுபோயிருந்தது; 4:20இல் நின்ற முள்ளையும், மூடிய கண்ணாடிக் கதவில் தெரிந்த பயணப்பையின் பிம்பத்தையும் அன்று எடுத்தேன். மனிதர் யாரும் இல்லாத அந்தப் படம்தான் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கைகளுக்கு ஒரு காலத்தைக் கொடுக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

முப்பதாம் வாரத்துக்கு மேல் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியது. முக்காலி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். “அப்படியானால் நான் கொடுக்கிறேன்” என்றேன். “வேண்டாம், கடிகாரத்தைக் கீழே இறக்கி மாட்டு” என்றார். தன் தோள் உயரத்தைச் சுவரில் கையால் காட்டினார். பழைய ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்தபோது, சுவரில் அதன் வடிவத்தில் ஒரு திட்டு தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் வெயிலும் தூசும் படாததால், சுற்றிலும் பழுத்துப்போன சுண்ணத்துக்கு நடுவே, சுவருக்கு முதன்முதலில் அடித்த வெளிர்பச்சை அப்படியே இருந்தது. மேலே வளைவு, கீழே கூர்முனை, நடுவில் ஆணித்துளை. இப்போது கடிகாரம் அந்தத் திட்டுக்கு ஓரடி கீழே தொங்குகிறது. அப்பா எட்டிய உயரமும் அம்மா எட்டும் உயரமும் ஒரே சட்டகத்துக்குள் வந்தன. நான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. முப்பது வாரம் அந்த இடத்தில் நின்றிருந்ததால் அது நடந்த நாளில் நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

ஒரே செயலை, ஒரே இடத்தை, நீண்ட காலத்துக்கு எடுப்பதன் வலிமை நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கப் புகைப்படக்காரர் நிக்கோலஸ் நிக்சன், தம் மனைவியும் அவருடைய மூன்று சகோதரிகளும் சேர்ந்து நிற்கும் படத்தை 1975இல் எடுத்து, 2022 வரை ஆண்டுக்கு ஒரு படமாகத் தொடர்ந்தார். நால்வரும் இடம் மாறுவதில்லை. நிற்கும் வரிசை ஒன்றேதான். எந்த ஆண்டில் யாருக்கு என்ன நேர்ந்தது என்று எழுத்தில் எதுவும் சொல்லப்படுவதில்லை. ஆனால் ஒரு தோளின் மீது ஒரு கை எப்போது வந்து அமர்ந்தது, எந்த ஆண்டில் இருவர் சற்று விலகி நின்றார்கள், எப்போது நால்வரும் நெருங்கிக்கொண்டார்கள் என்று பார்ப்பவர்களே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மாறாத ஒன்றை வைத்துக்கொண்டால்தான் மாறுவது தெரியும். இதைச் செய்ய விசேஷத் திறமை வேண்டியதில்லை, விடாப்பிடி வேண்டும். பொறுமை குறைந்த நாட்களில் எனக்கு அது போய்விடப் பார்த்தது.

ஆண்டு முடிந்தபோது என்னிடம் 1,260 படங்கள் இருந்தன. எடுத்ததோடு கதை சொல்லியாகிவிட்டது என்று நினைப்பதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. குழந்தைகளைப் பராமரிக்கும் பணிப்பெண்ணாக சிக்காகோவில் வாழ்ந்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை எடுத்துவிட்டு, அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை எவருக்கும் காட்டாமல், பல ஃபிலிம் சுருள்களைக் கழுவிக்கூடப் பார்க்காமல் வைத்திருந்தார். வாடகை கட்டாததால் அவருடைய சேமிப்பறைப் பொருட்கள் 2007இல் ஏலத்துக்கு வந்த பின்னரே வெளியுலகம் அவரை அறிந்தது. 2009இல் அவர் இறந்துவிட்டார். அவை வியக்கத்தக்க படங்கள். ஆனால் இன்று நாம் பார்க்கும் வரிசை பிறர் தேர்ந்தெடுத்த வரிசை. தன் வாழ்க்கையிலிருந்து எதை முதலில் வைத்து எதை விட்டிருப்பார் என்பதை அவர் நமக்குச் சொல்லவில்லை. நம் கைப்பேசிகளில் குவிந்து கிடப்பவையும் கழுவப்படாத சுருள்கள்தாம்.

புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் அமெரிக்காவைக் காரில் சுற்றி ஏறத்தாழ 28,000 படங்கள் எடுத்தார். 1958இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய நூலில் இருப்பவை 83. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு கழிப்பதில் எனக்கிருந்த தயக்கம் குறைந்தது. அழகான படம் என்பதற்காக ஒன்றையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வகுத்துக்கொண்டேன். அந்த விதி வலித்தது. ஊசலின் மேல் ஒளி தெறிக்க, தூசி பொன்னாக மிதக்கும் படம் ஒன்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள். அது யார் வீட்டுக் கடிகாரமாகவும் இருக்கலாம் என்பதால் விலக்கிவிட்டேன். சாவியைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோது அதற்குள் அப்பாவின் பழைய கண்ணாடி தெரிந்த படம், ஃபோக்கஸ் சற்றுப் பிசகியிருந்தும், இடம் பிடித்தது. இருபத்து நான்கு படங்கள் என்ற எல்லைக்குள் கொண்டுவர மூன்று வாரங்கள் ஆயின. அவற்றை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, தரையில் பரப்பினேன். கணினித் திரையில் வரிசைப்படுத்த முயன்று தோற்றவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தாளில் எடுத்துத் தரையில் வையுங்கள். கையால் நகர்த்தும்போதுதான் ஒரு படம் பக்கத்துப் படத்தை என்ன செய்கிறது என்பது தெரியும்.

சோவியத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரே நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை, உணவுக் கிண்ணத்துக்குப் பின்னும் சவப்பெட்டிக்குப் பின்னும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துயரத்தையும் கண்டதாகச் சொல்வார்கள். என் தரையிலும் அது நடந்தது. அம்மாவின் கை கடிகாரத்தின் விளிம்பைப் பிடித்திருக்கும் படம், சுவர்த்திட்டின் பக்கத்தில் இருந்தபோது இழப்பாகத் தெரிந்தது. உதடசைய எண்ணும் படத்தின் பக்கத்தில் வைத்தபோது ஒரு மாணவியின் கையாகத் தெரிந்தது. இரண்டுமே உண்மை. எதைச் சொல்லப்போகிறேன் என்பதை நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது, அந்தத் தீர்மானத்தில்தான் பிழை செய்தேன்.

வரிசையில் கடைசியாக நான் வைத்தது கடிகார முகப்பின் மிக அருகாமைப் படம். எண்தட்டில் இரண்டு துளைகள். வலது துளையைச் சுற்றிச் சாவி உரசிய புதிய கீறல்கள் பளபளக்கின்றன. இடது துளையின் ஓரத்தில் தூசி படிந்திருக்கிறது. அந்த ஓர் ஆண்டும் அம்மா இடது துளையில் சாவி கொடுக்கவே இல்லை. அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் மணி அடிக்கவில்லை. ஒலி இல்லாமையைப் படத்தில் காட்ட முடியாது. இரண்டு துளைகளுக்கும் என்ன வேறுபாடு என்று தெரியாதவருக்கு அந்தத் தூசி வெறும் தூசி. ஆகவே சொல் வேண்டியிருந்தது. படத்தில் ஏற்கெனவே தெரிவதைத் திரும்பச் சொல்லும் குறிப்பு வீண். தெரியாததைத் தருவதே குறிப்பின் வேலை. அந்தப் படத்தின் கீழே எழுதினேன்: “இடது துளை மணிக்கு உரியது. அப்பாவின் மறைவுக்குப் பின் அம்மா அந்த மௌனத்தைக் கலைக்கவில்லை.”

எழுதியதில் எனக்கு நிறைவாக இருந்தது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். அவர் தரையில் உட்கார முடியாதென்பதால் எல்லாவற்றையும் மேசைக்கு மாற்றி அதே வரிசையில் அடுக்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் படத்தின் குறிப்பை இருமுறை படித்தார்.

“மௌனமா? எனக்கு அந்த மணிச் சத்தம் ஒருநாளும் பிடித்ததில்லை. நாற்பது வருஷம் உங்கப்பாவுக்காகப் பொறுத்துக்கொண்டேன். ராத்திரி பன்னிரண்டு அடிக்கும்போது தூக்கம் போய்விடும். இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. அப்பாவின் மேல் அன்பு குறைந்த குரலாகவும் அது இல்லை. நாற்பது ஆண்டு மணவாழ்க்கையை ஒரே மூச்சில் எனக்குச் சொல்லிவிட்டு வேறொரு படத்தைக் கையிலெடுத்தார். ஓர் ஆண்டு முழுவதும், வாரம் தவறாமல், இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தவன் நான். அவர் ஏன் இடது துளையை விட்டார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. துயரம் என்று நானே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் துயரம் என்னிடம் இருந்தது.

லாரி சுல்தான் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தம் பெற்றோரைப் பத்தாண்டுகள் எடுத்து 1992இல் நூலாக்கியபோது, படங்களோடு அவர்களுடைய மறுப்புகளையும் சேர்த்தே அச்சிட்டார். கோட் அணிந்து கட்டிலின் விளிம்பில் தந்தை உட்கார்ந்திருக்கும் படத்தைப் பற்றி, அதில் வாட்டமாக இருப்பது தான் அல்ல, மகன்தான் என்று தந்தை சொல்கிறார். படத்துக்கு ஒத்துழைப்பதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் யாருடைய முகம் அது என்பதில் தெளிவு வேண்டும் என்கிறார். அந்த மறுப்பை நூலில் இடம்பெறச் செய்தது மகனின் நேர்மை என்று முன்பு படித்தபோது மேலோட்டமாக எண்ணிக் கடந்துவிட்டேன். அதன் பொருளை அம்மாவின் மேசையில்தான் அறிந்தேன். நெருங்கியவர்களைப் படமெடுப்பவருக்கு அவர்களைத் தெரியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அப்பாவின் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கச் சொன்னபோதும் அந்த நம்பிக்கைதான் என்னிடம் இருந்தது.

அதன் பிறகு அம்மாவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். நினைவு நாளுக்கு அடுத்த ஞாயிறு எடுத்த ஒரு படத்தில் அவர் கண் கலங்கியிருந்தது. “இது வேண்டாம்” என்றார். அந்த வரிசையிலேயே மனத்தை மிகவும் தொடும் படம் அதுவென்று நான் நினைத்திருந்தேன். வாதாடவில்லை; கோப்பையும் அழித்துவிட்டேன். முகத்துக்கு உரியவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது என்னுடையதல்ல. பின்னர், முழங்கால் வலி வந்த வாரத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடி கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும் படத்தைக் கேட்டார். நான் கழித்துக் கட்டியவற்றில் அது இருந்தது. “இதை ஏன் விட்டாய்? அன்றைக்குத்தான் கீழே இறக்குவது என்று முடிவு செய்தேன்” என்றார். படத்தில் அது எங்கும் எழுதியில்லை. அவர் சொன்ன பிறகு, சற்றே சாய்ந்த அந்தத் தலையில், சுவரை அளக்கும் ஒருவரின் பார்வையை என்னாலும் காண முடிந்தது.

கைப்பேசி ஒவ்வொரு படத்தோடும் நாளையும் நேரத்தையும் இடத்தையும் தானாகப் பதிந்து வைக்கிறது. அம்மா சொன்ன இந்த ஒரு வாக்கியத்தை அதனால் பதிய முடியாது. ஆகவே பிரிண்ட்களின் பின்புறத்தில் எழுதச் சொல்லி மென்மையான பென்சில் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். பேனா மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும், கூர்மையான முனை தாளில் வடுவை உண்டாக்கும். அவர் படங்களைத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, ஒவ்வொன்றின் பின்னாலும் யோசித்து எழுதினார். சிலவற்றில் வெறும் தேதி. சுவர்த்திட்டின் பின்னால், “வீட்டுக்கு முதலில் அடித்த வர்ணம். நான் தேர்ந்தெடுத்தது.” அதுவும் எனக்குப் புதிய செய்தி.

கடைசிப் படத்தின் கீழிருந்த என் குறிப்பை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். அந்தப் படம் இப்போது கடைசியிலும் இல்லை. அம்மா அதைத் தூக்கி ஆறாவதாக வைத்துவிட்டு, காலியான இடத்தில் தோள் உயரக் கடிகாரத்தின் முன் தரையில் நின்றுகொண்டு ஒரு கையால் சாவி கொடுக்கும் சாதாரணப் படத்தை வைத்தார். எல்லாவற்றுக்கும் முன்னால், செய்தித்தாளின் விளிம்புக்கு மேல் பேரனைப் பார்க்கும் அப்பாவின் மங்கலான படம். அதன் பின்புறத்தில் எழுதுவதற்காகத் திருப்பியவர், கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுத் தாளை முகத்தருகே கொண்டுபோனார். கைப்பேசி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கலாமா என்று கேட்டேன். நிமிராமல், “எடு, கண்ணாடி இப்படியே இருக்கட்டும்” என்றார்.